மழையில் காயும் துணியே மலிவான துணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டயப்பர் விலை கைக்கு எட்டாமல் போகிறதே, துணிக்கே திரும்பிவிடலாமா என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகி கேட்டிருந்தார். வந்த பதில்களில் பாதி "பாட்டி காலத்தில் டயப்பரா இருந்தது?" என்ற ரகம். மீதிப் பாதி, வண்ண வண்ணமாக விற்கும் தைத்த துணி டயப்பர்களுக்கு விளம்பரம் போல இருந்தது. இரண்டு தரப்பும் ரங்கூன் மழையை மறந்துவிட்டன.

இங்கே மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தெற்கே கடலோர மோல்மேனில் அதற்கும் மேலே. மின்சாரம் வருவதும் போவதும் நம் கையில் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் துணி டயப்பரால் காசு மிச்சமாவதும் வீணாவதும் கொடியில்தான் முடிவாகிறது. துணி காயாமல் போனால் அவசரத்துக்கு ஒரு பாக்கெட் டயப்பர் வாங்க ஆள் ஓடும். பாக்கெட் கையில் இருக்கும்போது துணியைத் தொட யாருக்கும் மனம் வராது. துணிக்குப் போட்ட காசும் போய், டயப்பர் காசும் போகும்.

முதலில் எண்ணிக்கை. பிறந்த மாதத்தில் நாளுக்கு 11, ஒரு வயது வரை 7, இரண்டாம் வயதில் 5 என்று வைத்துக்கொண்டால் இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய 4,500 டயப்பர் ஆகும். இரவுக்கு ஒன்று, வாரத்தில் இரண்டு நாள் வெளியே போக ஒவ்வொன்று என்று மட்டும் டயப்பரை வைத்துக்கொண்டால் 950 போதும். மிஞ்சுவது 3,550. உங்கள் தெருக் கடையில் பாக்கெட் விலையை உள்ளே இருக்கும் எண்ணிக்கையால் வகுத்து, அதை 3,550 ஆல் பெருக்கிப் பாருங்கள். பாக்கெட் விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அளவு பெரிதாகப் பெரிதாக உள்ளே இருக்கும் எண்ணிக்கை குறையும். நம் பர்மியப் பணமான கியாட்டில் கணக்கை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அச்சாகி வருவதற்குள் விலை மாறியிருக்கும்.

இதற்கு எதிரே வரும் செலவு துணி, மேலுறை, சோப்புத் தூள், கரி. 12 துணிக்கு ஒரு துவையலுக்கு 20 கிராம் தூள் போதும். நாளுக்கு ஒரு துவையல் என்றால் மாதம் 600 கிராம், அதாவது அரை வீசைக்கும் குறைவு (ஒரு வீசை ஏறக்குறைய 1.6 கிலோ). 

இனி துணி. தைத்து விற்கும் டயப்பர்களில் மூன்று வகை உண்டு. வெளியுறை, உள்துணி எல்லாம் சேர்த்துத் தைத்தது ஒன்று. பை போலத் தைத்து உள்ளே பட்டை செருகுவது இன்னொன்று. உறை தனி, துணி தனி என்பது மூன்றாவது. சேர்த்துத் தைத்தது போடச் சுலபம்தான். ஆனால் ஆறேழு அடுக்கும் நீர்புகா உறையும் ஒன்றாக இருப்பதால் ஜூலையில் மறுநாளும் காயாது. பையில் செருகும் பட்டை மைக்ரோஃபைபர் என்ற செயற்கை நுண்ணிழை என்றால் சீக்கிரம் காயும். ஆனால் குழந்தை உட்கார்ந்து அமுக்கியதும் உறிஞ்சியதைக் கக்கிவிடும், வாடையும் பிடித்துக்கொள்ளும், தோலில் நேராகப் பட்டால் தோலின் ஈரத்தையும் இழுத்து வறட்டும். மூங்கில் நார்ப் பட்டை நன்றாக உறிஞ்சும், காய்வதற்குள் பொறுமை போய்விடும். நம் வானத்துக்குப் பொருந்துவது மூன்றாவது வகைதான்: ஒற்றை அடுக்குச் சதுரத் துணி, மேலே தனி உறை. போடும்போது மடித்தால் பன்னிரண்டு அடுக்கு வரை, கொடியில் விரித்தால் ஒரே அடுக்கு. நம் வீடுகளில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியதும் இந்தக் கணக்கில்தான்.

வீட்டில் எட்டு முழ வேட்டி நைந்து கிடந்தால் காசே வேண்டாம். ஏறக்குறைய 50 அங்குல அகலம், 140 அங்குல நீளம் இருக்கும். 25 அங்குலச் சதுரமாக வெட்டினால் அகலத்தில் 2, நீளத்தில் 5, ஆக 10 துணி. மிஞ்சும் 15 அங்குலத் துண்டை இரண்டாக்கினால் இரவுக்கு நடுவில் வைக்கும் பட்டை இரண்டு. பழைய பருத்தி லுங்கியின் தையலைப் பிரித்தால் இரண்டு கெஜம் நீளம், 44 அங்குலம் அகலம் கிடைக்கும். 22 அங்குலத்தில் 6 துணி வரும். இவை பிறந்த குழந்தைக்கு மட்டும் போதும், நாலு மாதத்தில் சிறிதாகிவிடும். ஓரத்தில் மிஞ்சுவது துடைப்புத் துணி.

லுங்கியில் ஒரு எச்சரிக்கை. இப்போது விற்பவற்றில் பல கலப்பு நூல். ஓரத்தில் நாலு நூல் பிரித்துத் தீயில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாடையோடு சாம்பலானால் பருத்தி. உருகிச் சின்ன மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர், அது மூத்திரத்தைக் குடிக்காது, ஓரத்தில் வழிய விடும்.

புதிதாக வாங்குவதென்றால் ரங்கூன் தெய்ன்ஜி சந்தையில் மெல்லிய வெள்ளைப் பருத்தி கேளுங்கள். 54 அங்குல அகலத்தில் 27 அங்குலச் சதுரம் 36 எடுக்கப் பதின்மூன்றரை கெஜம் வேண்டும். முதல் வெந்நீரில் கொஞ்சம் சுருங்கும் என்பதால் வெட்டுவதற்கு முன் முழுத் துணியையும் ஒரு தரம் நனைத்துக் காயவையுங்கள். புதுத் துணியில் ஆலைக் கஞ்சியும், பருத்தியின் சொந்த மெழுகும் இருக்கும். நாலைந்து தரம் வெந்நீரில் சோப்புத் தூள் போட்டுத் துவைத்த பிறகே அது நீர் குடிக்கும். "புதுத் துணி ஒழுகுகிறது" என்ற புகாரில் பாதி இதனால்தான். சோதிக்க வேண்டுமா? துணியை மடித்து, டீக்கடைச் சின்னக் கோப்பையில் பாதியளவு தண்ணீரை ஊற்றுங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் துவைக்க வேண்டும். உடனே உள்ளே போய், உள்ளங்கையால் அமுக்கியும் அடியில் கசியாவிட்டால் தயார்.

ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைக்காதீர்கள். தையற்காரர் அழகுக்காக அப்படித்தான் தைப்பார். மழை நாளில் துணி முழுக்கக் காய்ந்த பிறகும் அந்த ஓரம் மட்டும் ஈரமாக நிற்கும், பூஞ்சை முதலில் பிடிப்பதும் அங்கேதான். நூல் பிரியாமல் ஒற்றை ஓரத்தில் ஜிக்ஜாக் தையல் ஓட்டச் சொல்லுங்கள்.

எத்தனை துணி வேண்டும்? ஒரு நாள் தேவை 10 என்று எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை உடுத்தி வாளிக்குப் போவது 10, கொடியில் கிடப்பது 10, காய்ந்து மடித்து வைத்தது 10. உபரி 6. ரங்கூனுக்கு 36. மோல்மேன், தாட்டோன் பக்கம் காய இரண்டு நாள் ஆகும், இன்னொரு பத்து சேர்த்து 46 வைத்துக்கொள்ளுங்கள். மாண்டலே வறண்ட பூமி, காலையில் போட்டது மதியத்துக்குள் காயும், 24 போதும். பிறந்த மாதத்தில் கூடுதலாக ஆகும் ஒன்றிரண்டை உபரி தாங்கும்.

மடிப்பு இரண்டு தெரிந்தால் போதும். ஒன்று முக்கோணம். சதுரத்தை மூலைக்கு மூலை சேரக் குறுக்காக மடித்து, நீண்ட பக்கம் இடுப்புக்கு வருமாறு குழந்தையை வைத்து, கீழ்முனையைக் கால்களுக்கு நடுவே மேலே கொண்டுவந்து, இரு பக்க முனையும் அதன்மேல் சேர ஊக்கு குத்துவது. ஊக்கைப் படுக்கை வாட்டத்தில் குத்துங்கள். துணிக்கும் வயிற்றுக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் இருக்கட்டும், குத்தினால் உங்களைக் குத்தட்டும். ஊக்கு துணியில் இறங்க மறுத்தால் முனையைச் சோப்புக் கட்டியில் ஒரு தரம் குத்தி எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். தொப்புள்கொடி விழும்வரை முன்பக்கத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடுங்கள். கால்களை நேராக நீட்டிச் சேர்த்துக் கட்டாதீர்கள். தவளை போல் விரிந்து மடங்கியிருப்பதே இடுப்பு மூட்டுக்கு நல்லது.

இன்னொன்று பட்டை மடிப்பு: சதுரத்தை நாலாக மடித்து, பிறகு மூன்றாக மடித்து, உறைக்குள் வைப்பது. நீளம் கூடினால் மிச்சத்தை ஆண் குழந்தைக்கு முன்பக்கமும், பெண் குழந்தைக்கு நடுவிலும் மடித்துவிட வேண்டும். ஈரம் விழும் இடம் அதுதான். பகலில் வீட்டிலேயே இருக்கும் குழந்தைக்கு 6 அங்குலம் அகலப் பட்டையை அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் செருகிய கோவணமே போதும். உறையே வேண்டாம். ஏப்ரல் வெயிலில் நீர்புகா உறையைப் பகல் முழுக்கப் போட்டால் வேர்க்குரு நிச்சயம்.

உறை 5 வாங்குங்கள். நல்லது எதுவென்றால், துணியின் உட்புறம் மெல்லிய நீர்புகாப் படலம் ஒட்டியது. வெறும் பிளாஸ்டிக் ஜட்டி மலிவு, ஆனால் காற்றே போகாது, மடிப்பில் வெடிக்கும். மூத்திரம் மட்டும் என்றால் உறையை ஈரத்துணியால் துடைத்துக் காற்றில் மாட்டி, இரண்டை மாற்றி மாற்றிப் போடலாம். மலம் பட்டால் மட்டும் துவைக்க. உறையைக் கொதிக்க வைத்தாலோ, ப்ளீச்சில் ஊறவைத்தாலோ, முறுக்கிப் பிழிந்தாலோ படலம் கொப்புளம் விட்டு உரியும். கால் ஓரத்தில் துணியின் நுனி ஒரு நூல் அளவு வெளியே தெரிந்தாலும் அதன் வழியே திரி போல ஈரம் ஏறிச் சட்டை நனையும். "உறை ஒழுகுகிறது" என்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

துவையல். நனைந்த துணியை வாளித் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கத்தை விடுங்கள். ஊறிய தண்ணீர் நாறும், தவழும் குழந்தை உள்ள வீட்டில் கால்வாளித் தண்ணீரும் உயிருக்கு ஆபத்து. மூடியைச் சற்றே திறந்து வைத்த வெறும் வாளி போதும். மழைக்காலத்தில் ஒரு நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள், பூஞ்சை கரும்புள்ளியாகப் பிடித்தால் போகவே போகாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு கெட்டியானதைக் கக்கூஸில் உதறிவிட்டே வாளிக்குக் கொண்டுவர வேண்டும்.

முதல் அலசல் பச்சைத் தண்ணீரில். எடுத்ததும் வெந்நீர் விட்டால் கறை வெந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டாவதாக, கொதித்த தண்ணீர் ஒரு பங்கும் பச்சைத் தண்ணீர் ஒரு பங்கும் கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரி வரும். அதில் 20 கிராம் தூளைக் கரைத்து, அரை மணி நேரம் மூடி வைத்து, ஆறிய பிறகு கும்மிக் கசக்குங்கள். பிறகு நுரை நிற்கும்வரை அலசல், மூன்று வாளி ஆகும். கட்டிச் சோப்பு வேண்டாம். உப்புத் தண்ணீரோடு சேர்ந்து மெழுகு போலத் துணியில் படிந்து, உறிஞ்சும் சக்தியைக் கெடுக்கும். வாசனைக்காக ஊற்றும் சாஃப்டனரும் அதே வேலையைத்தான் செய்யும்.

வாரத்துக்கு ஒரு முறை, சோறு வடித்த பிறகு அடுப்பில் மிஞ்சும் தணலில் பெரிய பாத்திரத்தை ஏற்றி, பருத்தித் துணிகளை மட்டும் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். இதற்கென்று தனியாகக் கரி மூட்டினால் மிச்சம் பிடித்த காசு புகையாகப் போகும். வயிற்றுப்போக்கு வந்த வீட்டில் கொதிக்க வைக்க வசதி இல்லையென்றால், 5 சதவீத ப்ளீச்சை 10 லிட்டர் தண்ணீருக்கு 40 மில்லி கலந்து அரை மணி நேரம் ஊறவைக்கலாம். மூத்திரம் முழுக்க அலசிப் போன பிறகே ப்ளீச். இல்லையென்றால் நெஞ்சை அடைக்கும் ஆவி கிளம்பும். வினிகரோடு எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் துணி செம்பழுப்பாக மாறினால் அது இரும்பு, அழுக்கு அல்ல. அதற்கு ப்ளீச் ஊற்றினால் துரு இன்னும் அழுத்தமாக ஏறும். அலசும் தண்ணீரை முந்தின நாளே பிடித்து மூடி வைத்து, அடியில் படிந்ததை விட்டு மேலாக மொண்டு எடுங்கள்.

காயவைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. கையால் பிழிந்த 12 துணியில் இன்னும் முக்கால் லிட்டருக்குக் குறையாத தண்ணீர் இருக்கும். அது முழுக்க உங்கள் அறைக் காற்றுக்குள்தான் போக வேண்டும். அதனால் கொடிக்குப் போகும் முன்பே முடிந்ததை வெளியேற்றுங்கள். துணியைக் குழாய்த் தண்டிலோ கம்பத்திலோ வளைத்து இரு முனையும் பிடித்து முறுக்கினால் வெறுங்கையில் வராத தண்ணீர் வரும். பிறகு காய்ந்த தடித்த துண்டின்மேல் இரண்டிரண்டாகப் பரப்பிச் சுருட்டி, காலால் மிதித்து எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

கொடியின் குறுக்கே மடித்துப் போடாதீர்கள், இரண்டு அடுக்காகிவிடும். இரு மூலையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, துணிக்கும் துணிக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். பால்கனி என்றால் சாரல் எட்டாமல் இரண்டடி உள்ளே. மழைக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்தினால் காற்று ஈரத்தால் நிறைந்து, எதுவும் காயாது. சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னல் ஒன்று திறந்தே இருக்கட்டும். மின்சாரம் வரும் நேரத்தில் மின்விசிறியைத் துணியின் முகத்துக்கு நேரே வைக்காமல், வரிசையின் ஓரத்திலிருந்து உள்ளே ஊடுருவும்படி வையுங்கள். கடைசி ஈரத்துக்கு இஸ்திரிப் பெட்டி. மக்கல் வாடையும் அதோடு போகும். காய்ந்ததா என்று கையால் பார்ப்பதைவிடக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றால் இன்னும் ஈரம்.

தணலின்மேல் கூடை கவிழ்த்து அதன்மேல் துணி போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. மூடிய அறையில் கரிப்புகை கண்ணுக்குத் தெரியாமல் ஆளையே கொல்லும். குழந்தை படுக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில், மஞ்சள் கறையுள்ள துணியை ஈரத்தோடு வெயிலில் விரித்தால் கறை தானாக வெளுக்கும். உறைகளை மட்டும் நிழலில்.

காய்ந்த துணியில் வாடை இல்லை, குழந்தை நனைத்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி என்றால், துணியில் பழைய மூத்திரமும் சோப்பும் தங்கியிருக்கிறது. ஒரு தேக்கரண்டி சலவை சோடா போட்டுக் கொதிக்கவைத்து, நுரை நிற்கும்வரை அலசுங்கள். துணி படும் இடம் முழுக்கச் சிவந்தால் மாற்றத் தாமதம் அல்லது அலசல் போதவில்லை. இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, மலம் என்றால் உடனே மாற்றுங்கள். மடிப்புக்குள்ளும் கடுஞ்சிவப்பாகி, சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை எல்லாத் துணியையும் கொதிக்க வைத்தே போடுங்கள். களிம்பு பூசும் நாட்களில் பழைய ஃபிளீஸ் போர்வையில் 4 க்கு 12 அங்குலம் வெட்டிய துண்டை உள்ளே வையுங்கள். களிம்பு துணியில் ஏறாது, தோலும் உலர்ந்திருக்கும். ஃபிளீஸ் நூல் பிரியாது, ஓரம் தைக்க வேண்டாம்.

இரவுக்கும் துணியே என்று நினைப்பவர்கள் ஒரு சதுரமும் இரண்டு பட்டையும் வைத்துப் பார்க்கலாம். குழந்தை நனைந்து எழுந்து, வீடே விழித்துக்கொண்டால் ஒரு டயப்பரைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். அந்த ஒன்றால் கணக்கு கெட்டுவிடாது. மூன்று நாலு மாதத்திலிருந்து பால் குடித்த சற்று நேரத்தில் காலில் உட்கார வைத்து 'உஸ்' சொல்லும் நம் வழக்கத்தைத் தொடர்ந்தால் நாளுக்கு இரண்டு மூன்று துணி குறையும்.

மடிப்புகளை எழுத்தில் விளக்குவது எவ்வளவு கடினம் என்பது இதைப் படிக்கும்போதே தெரிந்திருக்கும். மகளிர் பக்கத்தில் முக்கோண மடிப்புக்கும் பட்டை மடிப்புக்கும் நாலு கட்டம் படம் வரைந்து வெளியிட்டால் உதவியாக இருக்கும். மழை பிடிப்பதற்கு முன், ஏப்ரலில் திஞ்ஜான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி வந்தால் துணி வாங்கித் துவைத்துப் பழக்க ஒரு மாதம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரங்கூன்